பனித்தரையில் வீழ்ந்தெழுந்தோர்

விளையாட்டுக்களைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் வென்றவர் பெயரையே பேசுவர். அச்சாகி வரும் பட்டியலில் தலைப்பில் நிற்கும் பெயரே மக்கள் நினைவிலும் நிற்கின்றது. ஆயின், வென்றவர் எவ்விடத்திலிருந்து வென்றார் என்பதை அப்பட்டியல் கூறுவதில்லை. தொடக்கமுதல் முதல்வராகவே இருந்து வென்றவரும், கீழ்வரிசையிலிருந்து ஏறிவந்து வென்றவரும் அதன்கண் ஒரே நிறையினராகத் தோன்றுவர். பலரைக் கடந்து வந்தும் பதக்கத்திற்கு ஒரு படி கீழே நின்றுவிட்டவர்க்கோ அதில் இடமே இல்லை. பின்தங்கியோர் முன்னேறும்போது அம்முன்னேற்றத்தில் அவர்தம் முயற்சிக்குரிய பங்கு எவ்வளவு, அவர் கைக்கு எட்டாதனவற்றின் பங்கு எவ்வளவு என்று ஆராய விரும்புவோர்க்குப் பனிச்சறுக்கு நடனம் என்னும் விளையாட்டு தெளிவான சான்றுகள் பலவற்றைத் தருகின்றது. ஆதலின் அவ்விளையாட்டின் இயல்பையும், அதன்கண் வீழ்ந்தெழுந்தோர் சிலர் வரலாற்றையும் ஈண்டு ஒருவாறு எடுத்துரைப்பாம்.

பனிக்கட்டியை வெயிலில் உருகும் பொருளாகவே கண்டு பழகிய நமக்கு, அதன்மேல் நின்று ஆடும் ஆட்டம் சிறிது புதுமையாகத் தோன்றலாம். 60 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உள்ள உறைபனித் தளமே ஆடுகளம். ஆடுவோர் அணியும் காலணியின் அடியில் எஃகு அலகு ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். அதன் கனம் ஏறத்தாழ 4 மில்லிமீட்டரே. அவ்வலகின் அடிப்புறம் நடுவிற் குழிந்து, இருமருங்கும் கூரிய விளிம்புகளை உடையது. ஒன்று உட்புற விளிம்பு. மற்றொன்று வெளிப்புற விளிம்பு. ஆடுவோர் இவ்விரண்டனுள் ஒன்றன்மீது சாய்ந்து வளைந்து வளைந்தே செல்வர். அலகின் நுனியிற் சிறு பற்கள் சில உள. அப்பற்களைப் பனியில் ஊன்றி எழும் தாவல்கள் ஒருவகை; விளிம்பினின்றே எழும் தாவல்கள் மற்றொரு வகை.

தாவல்கள் சில அவற்றை முதலிற் செய்தோர் பெயராலேயே வழங்குகின்றன. நார்வே நாட்டு ஆக்ஸல் பால்சன் 1882-ஆம் ஆண்டிற் செய்து காட்டியது ஆக்ஸல் எனவும், ஸ்வீடன் நாட்டு உல்ரிக் ஸால்கோ 1909-ஆம் ஆண்டிற் செய்தது ஸால்கோ எனவும் பெயர் பெற்றன. தாவி எழுந்தவர் வானில் தம்மைத்தாமே மூன்று சுற்று அல்லது நான்கு சுற்றுச் சுழன்று, ஒற்றைக் காலில், பின்முகமாக, விளிம்பு பிறழாது இறங்குதல் வேண்டும். ஆக்ஸல் ஒன்றே முன்முகமாக எழுவது; ஆதலின் அதனை மூன்று சுற்றாகச் செய்வோர் உண்மையில் மூன்றரைச் சுற்றுச் சுழல வேண்டியவராவர். இவ்வளவும் ஒரு நொடிக்கும் குறைந்த நேரத்தில் நிகழ்வது. எழும்போது சாய்வு சிறிதே தவறினும் இறங்கும்போது வீழ்ச்சி நேரும். ஆண்டுகள் பல பயின்றவரும் உலகறிய வீழ்வதற்குக் காரணம் இதுவே.

இனி, போட்டியின் அமைப்பைக் காண்பாம். தனியாக ஆடுவோரும், ஆணும் பெண்ணும் சேர்ந்த இணையரும் வெவ்வேறு நாட்களில் இருமுறை ஆடுவர். முதலாவது குறுநிகழ்ச்சி, 2 நிமிடம் 40 நொடி அளவினது, இன்னின்ன செய்தே தீரவேண்டும் என்னும் கட்டுப்பாடு உடையது. இரண்டாவது நெடுநிகழ்ச்சி, இக்காலத்தில் 4 நிமிட அளவினது, ஆடுவோர் தம் திறமையை விரித்துக் காட்டுதற்குரியது. முதல் நாளில் தவறியவர்க்கு இரண்டாம் நாள் ஒன்று உண்டு என்பதே இவ்வமைப்பின் சிறப்பு. ஆயின், அவ்விரண்டாம் நாளின் மதிப்பு எவ்வளவு என்பதை விதிகளே வரையறுக்கின்றன. அவ்விதிகள் காலந்தோறும் மாறி வந்துள்ளன.

முன்னாளில், பனியின்மீது வட்டங்களையும் அவற்றின் சேர்க்கைகளையும் அலகாற் பிசகின்றி வரைந்து காட்டும் தேர்வு ஒன்று கட்டாயமாக இருந்தது. இவ்விளையாட்டின் ஆங்கிலப் பெயரில் உருவம் எனப் பொருள்படும் சொல் இடம்பெற்றமைக்கு அதுவே காரணம். அத்தேர்வுக்கு மதிப்பெண் மிகுதி. 1972-ஆம் ஆண்டு ஜப்பானில் ஸப்போரோ நகரில் நடந்த ஒலிம்பிக் விழாவில், உருவம் வரைதலில் ஒப்பற்றவராகிய ஆஸ்திரிய நங்கை பீட்ரிக்ஸ் ஷூபா, விருப்ப ஆட்டத்தில் ஏழாம் இடமே பெற்றும் பொற்பதக்கம் வென்றார். விருப்ப ஆட்டத்தில் முதலிடம் பெற்ற அமெரிக்க நங்கை ஜேனட் லின் வெண்கலத்தோடு அமைய வேண்டியவரானார். ஷூபா பெற்ற வெற்றி அவர்தம் உழைப்புக்கு உரியதே, அதில் ஐயமில்லை. ஆயினும், முதற்பகுதியில் பின்தங்கியவர் பின்னர் எத்துணைச் சிறப்பாக ஆடினும் முன்னேறுதல் அரிது என்பதை அந்நிகழ்ச்சி உலகிற்குக் காட்டிற்று. 1973-ஆம் ஆண்டிற் குறுநிகழ்ச்சி சேர்க்கப்பட்டது. உருவம் வரைதலின் மதிப்புப் படிப்படியாகக் குறைந்தது. 1990-ஆம் ஆண்டிற்குப் பின் அது பெரும் போட்டிகளினின்று முற்றும் நீக்கப்பட்டது. வீழ்ந்தவர் எழுவதற்கு வாயில் இவ்வாறு அகன்றது.

அவ்வாயில் வழியே முதலில் நுழைந்தோருள் ஒருவராக ஜப்பானிய நங்கை மிடோரி இடோவைக் கூறலாம். 1988-ஆம் ஆண்டிற் போட்டியொன்றில் மூன்று சுற்று ஆக்ஸல் தாவலைச் செய்து, பெண்டிருள் அதனைச் செய்த முதல்வர் என்னும் புகழ் பெற்றவர் அவர். மறு ஆண்டில் உலக முதன்மையும் எய்தினார். 1992-ஆம் ஆண்டு பிரெஞ்சு நாட்டில் ஆல்பர்வில் ஒலிம்பிக் விழாவின் குறுநிகழ்ச்சியில், ஆக்ஸல் வேண்டா, அதனினும் எளிதாகிய லட்ஸ் தாவலே போதும் என்று அமைந்தார். அமைந்த அந்த எளிய தாவலிலேயே வீழ்ந்து நான்காம் இடத்திற்கு இறங்கினார். நெடுநிகழ்ச்சியிலோ மூன்று சுற்று ஆக்ஸலையே முயன்றார், அதிலும் வீழ்ந்தார். பிறராயின் எஞ்சிய ஆட்டத்தைத் தவறின்றி முடித்தாற் போதும் என்று கருதியிருப்பர். இடோ அவ்வாறு கருதவில்லை. அதே ஆட்டத்தின் பிற்பகுதியில், களைப்பு மிகும் வேளையில், அதே தாவலை மீண்டும் முயன்று, பிழையின்றி இறங்கினார். ஒலிம்பிக் விழாவில் அத்தாவலைச் செய்த முதற் பெண்மணியாகி வெள்ளிப்பதக்கமும் பெற்றார். பொற்பதக்கம் அமெரிக்க நங்கை கிறிஸ்டி யமகூச்சியைச் சேர்ந்தது. இடோவின் வீழ்ச்சிக்கும் எழுச்சிக்கும் இடையே கழிந்தவை சில நிமிடங்களே.

நிற்க. பின்தங்கியோர் வென்ற வரலாறுகளுள் மிகவும் பேசப்படுவது சாரா ஹியூஸ் என்னும் நங்கையின் வெற்றியாகும். 2002-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அமெரிக்க நாட்டுச் சால்ட் லேக் சிட்டி நகரில் ஒலிம்பிக் விழா நிகழ்ந்தது. மகளிர் போட்டியில் வெல்லத்தக்கவர் என எதிர்பார்க்கப்பட்டோர் இருவர். ஒருவர் அமெரிக்கராகிய மிஷெல் குவான். அதற்குமுன் நான்கு முறை உலக முதன்மை பெற்றவர். மற்றவர் ருஷிய நாட்டு இரினா ஸ்லுட்ஸ்கயா. ஹியூஸுக்கு அப்போது வயது 16. தம் நாட்டின் முதன்மைப் பட்டத்தையேனும் அவர் அதுவரை பெற்றவரல்லர். குறுநிகழ்ச்சியின் முடிவிற் குவான் முதலிடத்திலும், ஸ்லுட்ஸ்கயா இரண்டாம் இடத்திலும், சாஷா கோஹன் என்னும் மற்றோர் அமெரிக்க நங்கை மூன்றாம் இடத்திலும், ஹியூஸ் நான்காம் இடத்திலும் நின்றனர்.

நெடுநிகழ்ச்சியில், மேல்நின்ற மூவரும் ஆடுமுன்னரே ஹியூஸின் முறை வந்தது. பதக்கம் கிட்டும் என்னும் எண்ணம் பெரிதும் அற்றவராதலின், இழப்பதற்கு அஞ்சும் அச்சமும் அவர்பால் இல்லை. மூன்று சுற்றுத் தாவல்கள் ஏழனைச் செய்தார். அவற்றுள் மூன்று சுற்றுத் தாவலை அடுத்து உடனே மற்றுமொரு மூன்று சுற்றுத் தாவல் எழும் தொடர்தாவல்கள் இரண்டு. அவர் முடிக்குமுன்னரே அரங்கத்தார் எழுந்து நின்று ஆரவாரித்தனர். அவர்க்குப்பின் ஆடிய குவான் ஒரு தாவலில் வீழ்ந்தார்; மற்றொன்றில் இருகாலும் ஊன்றி இறங்கினார். இறுதியில் ஆட எஞ்சியிருந்தவர் ஸ்லுட்ஸ்கயா ஒருவரே.

இவ்விடத்தில் அக்கால விதியைச் சிறிது விளக்குதல் வேண்டும். அப்போது மதிப்பெண்களைக் கூட்டி முடிவு காணும் வழக்கம் இல்லை. ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் பெற்ற இடத்தையே கணக்கிடுவர். குறுநிகழ்ச்சியில் பெற்ற இடத்தைப் பாதியாக்கி, நெடுநிகழ்ச்சியில் பெற்ற இடத்தோடு கூட்டுவர். கூட்டுத்தொகை குறைந்தவரே வென்றவர்; தொகை ஒத்திருப்பின் நெடுநிகழ்ச்சியில் மேம்பட்டவர் வென்றவர். இதன்படி ஹியூஸ் குறுநிகழ்ச்சியினின்று 2 என்னும் எண்ணையும், ஸ்லுட்ஸ்கயா 1 என்னும் எண்ணையும், குவான் 0.5 என்னும் எண்ணையும் சுமந்து வந்தனர்.

ஸ்லுட்ஸ்கயா ஆடத் தொடங்கியபோது விளையக்கூடியன மூன்று. அவர் நெடுநிகழ்ச்சியில் முதலிடம் பெறின், அவர் தொகை 2, பொற்பதக்கம் அவர்க்கே. அப்போது ஹியூஸ் மூன்றாம் இடத்திற்குச் சென்றிருப்பார். அவர் மூன்றாம் இடம் பெறின், குவான் இரண்டாம் இடத்தவராகி, 2.5 என்னும் தொகையோடு பொன் பெற்றிருப்பார். அவர் இரண்டாம் இடம் பெற்றால் மட்டுமே, ஹியூஸும் ஸ்லுட்ஸ்கயாவும் 3 என்னும் தொகையில் ஒத்து நிற்க, குவான் 3.5 பெற்றுப் பின்தங்க, நெடுநிகழ்ச்சியின் முதல்வர் என்னும் காரணத்தால் ஹியூஸ் வெல்லக்கூடும். அஃதாவது, தம்மோடு போட்டியிட்டவர் மிகச் சிறப்பாகவும் ஆடலாகாது. மிகத் தாழவும் ஆடலாகாது. ஹியூஸ் வெல்லுவதற்குத் திறந்திருந்த வாயில் அவ்வொன்றே. ஸ்லுட்ஸ்கயா சில குறைகளோடு ஆடினார். நடுவர் ஒன்பதின்மருள் ஐவர் ஹியூஸையும் நால்வர் ஸ்லுட்ஸ்கயாவையும் முதலிடத்தில் வைத்தனர். பொன் ஹியூஸுக்கும், வெள்ளி ஸ்லுட்ஸ்கயாவுக்கும், வெண்கலம் குவானுக்கும் ஆயின.

இவ்வரலாற்றைக் கூறுவோர், ஊக்கம் ஒன்றே ஹியூஸை வெல்வித்தது என்பர். அஃது உண்மையின் ஒரு பாதியே. அவர் நெடுநிகழ்ச்சியில் முதல்வரானது அவர்தம் செயல். பொன் பெற்றதோ அச்செயலோடு பிறர் இருவர் ஆட்டமும், ஒரு கணக்கு விதியும், நடுவர் ஒருவர் மனமும் கூடி விளைத்த விளைவு. அந்நடுவருள் ஒருவர் மாறி எண்ணியிருப்பின், ஹியூஸ் ஆடிய ஆட்டம் அணுவளவும் குறைந்திராது; ஆயினும் அவர் கழுத்தில் விழுவது வெண்கலமாக இருந்திருக்கும். இவ்விரண்டனையும் வேறு பிரித்து அறிதலே இக்கட்டுரையிற் கருதப்பட்ட பொருள்.

அவ்விழாவின் இணையர் போட்டியில் நடுவர் தீர்ப்புப் பற்றிப் பெரும் பூசல் விளைந்தது. அதன் பயனாக 2004-ஆம் ஆண்டு முதல் புதிய முறை கைக்கொள்ளப்பட்டது. இம்முறையில் ஒவ்வொரு தாவலுக்கும் சுழற்சிக்கும் தனித்தனி மதிப்பெண் உண்டு. வீழ்ந்தால் கழிவு உண்டு. இரு நாள் மதிப்பெண்களும் அப்படியே கூட்டப்படும். பிறர் பெறும் இடத்தைச் சார்ந்து தம் தொகை மாறும் நிலை இதனால் நீங்கிற்று. ஆயினும், முதல்நாள் இழந்ததை இரண்டாம் நாள் எண்ணுக்கு எண் ஈட்டியே தீரவேண்டும் என்னும் கடுமை சேர்ந்தது.

அக்கடுமையை வென்றோருள் தலைசிறந்தவர் ஜெர்மனியின் சார்பில் ஆடிய அல்யோனா ஸவ்சென்கோ, புரூனோ மாஸோ என்னும் இணையர். ஸவ்சென்கோ உக்ரைன் நாட்டிற் பிறந்தவர். ராபின் ஸோல்கோவி என்பவரோடு சேர்ந்து ஆடி, உலக முதன்மையை ஐந்து முறையும், 2010, 2014 ஆகிய ஒலிம்பிக் விழாக்களில் வெண்கலத்தையும் பெற்றவர். பொன் மட்டும் கிட்டவில்லை. துணைவர் ஓய்வு பெற்றபின், முப்பது வயது நிரம்பிய நிலையில், பிரெஞ்சு நாட்டிற் பிறந்த மாஸோவோடு புதிதாகப் பயிலத் தொடங்கினார். இணையர் ஆட்டத்தில் புதிய துணை என்பது, எடுத்தல், எறிதல், பற்றுதல் அனைத்தையும் மீண்டும் தொடக்கத்திலிருந்து கற்பதாகும்.

2018-ஆம் ஆண்டு கொரிய நாட்டுப் பியாங்சாங் விழா ஸவ்சென்கோவுக்கு ஐந்தாம் ஒலிம்பிக். குறுநிகழ்ச்சியில், மூன்று சுற்றாக எழவேண்டிய ஸால்கோ தாவலை மாஸோ இரண்டு சுற்றோடு முடித்துவிட்டார். 76.59 மதிப்பெண்ணோடு நான்காம் இடம் கிடைத்தது. முதலில் நின்ற சீன இணையராகிய ஸுயி வென்ஜிங், ஹான் ஸொங் என்போர் பெற்றது 82.39. இடைவெளி 5.80. மறுநாள் நெடுநிகழ்ச்சியில் ஜெர்மானிய இணையர் 159.31 மதிப்பெண் பெற்றனர்; அஃது அந்நாளில் உலகிலேயே மிக உயர்ந்தது. தம் ஆட்டம் முடிந்தபின், தம்மினும் முன்நின்றோர் ஆடுவதைக் காத்திருந்து காண்பதன்றி அவர் செய்யத்தக்கது யாதும் இல்லை. சீன இணையர் 153.08 பெற்றனர். கூட்டிப் பார்க்கையில் ஜெர்மானியர்க்கு 235.90; சீனர்க்கு 235.47. வேறுபாடு 0.43. தம் 34-ஆம் வயதில் ஸவ்சென்கோ பொன் பெற்றார்.

இதுகாறும் வென்றோரைக் கண்டோம். இனி, எழுந்தும் பதக்கம் பெறாதோரைக் காண்பாம். இவரையும் சேர்த்து எண்ணாவிடின் நம் ஆராய்ச்சி முற்றுப்பெறாது.

ஜப்பானிய நங்கை மாவோ அஸாடா 2010-ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் வெள்ளி பெற்றவர். 2014-ஆம் ஆண்டு ருஷிய நாட்டு ஸோச்சி விழாவில் அவர் பொன் பெறக்கூடும் எனப் பலர் எதிர்நோக்கியிருந்தனர். குறுநிகழ்ச்சியில் அவர் மூன்று சுற்று ஆக்ஸலில் வீழ்ந்தார், பின்னும் தவறினார். 55.51 மதிப்பெண், 16-ஆம் இடம். முதலிடத்திலிருந்த கொரிய நங்கை கிம் யூனா பெற்றது 74.92. பத்தொன்பது மதிப்பெண்ணுக்கு மேற்பட்ட அவ்விடைவெளியைக் கடத்தல் இயலாது என்பதை அவரும் அறிவார், கண்டோரும் அறிவர். மறுநாள் அவர் வந்தது பதக்கத்திற்காக அன்று. மூன்று சுற்று ஆக்ஸலை அன்று செம்மையாகச் செய்தார், 142.71 மதிப்பெண் பெற்றார். நெடுநிகழ்ச்சியில் மட்டும் அது மூன்றாம் இடம். முழுமையில் ஆறாம் இடம். ஆட்டம் முடிந்து நின்ற அஸாடா கண்ணீர் சொரிந்தார். அவ்விழாவின் பதக்கப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. ஆயினும் அவ்விழாவை நினைப்போர் அவ்வாட்டத்தையும் சேர்த்தே நினைக்கின்றனர்.

அமெரிக்க இளைஞர் நேதன் சென் வரலாறு இன்னும் வியப்புடையது. 2018-ஆம் ஆண்டு பியாங்சாங் விழாவுக்கு அவர் செல்லும்போது வயது 18. அப்பருவத்தில் தாம் கலந்துகொண்ட தனியர் போட்டிகளில் எல்லாம் வென்றிருந்தார். குறுநிகழ்ச்சியில் தாவல் ஒவ்வொன்றிலும் தவறி, 82.27 மதிப்பெண்ணோடு 17-ஆம் இடத்திற்கு இறங்கினார். முதலிடத்தவராகிய ஜப்பானியர் யுஸுரு ஹான்யு பெற்றது 111.68. மறுநாள் சென் நான்கு சுற்றுத் தாவல்கள் ஆறனை முயன்றார். அவற்றுள் ஐந்து செவ்விதின் அமைந்தன. ஒன்றில் மட்டும் கை தரையிற் பட்டது. 215.08 மதிப்பெண் பெற்று, அன்று ஆடிய அனைவரினும் மேம்பட்டார். பொற்பதக்கம் பெற்ற ஹான்யுவுக்கும் அன்று கிட்டியது 206.17 தான். எனினும் இருநாட் கூட்டுத்தொகை 297.35 ஆக, ஐந்தாம் இடமே அவர்க்கு வாய்த்தது. நான்காமவராகிய சீனர் ஜின் போயாங் பெற்றது 297.77. வேறுபாடு 0.42.

ஈண்டு இரண்டு எண்களை ஒருசேர வைத்துப் பார்த்தல் நலம். ஸவ்சென்கோவும் மாஸோவும் 0.43 மிகுதியாற் பொன் பெற்றனர். சென் 0.42 குறைவால் நான்காம் இடத்தையும் இழந்தார். முன்னவர் எழுச்சி பெரிது, பின்னவர் எழுச்சி சிறிது என்று கூறலாமோ? பதினேழாம் இடத்திலிருந்து எழுந்து, அன்றைய ஆட்டத்தில் முதல்வரானது எவ்வகையிலும் சிறிதன்று. முதல்நாள் இழப்பின் அளவே இருவர் முடிவையும் வேறாக்கிற்று. எழுச்சி இருவர்க்கும் ஒன்றே.

சென்னின் கதை அங்கே முடியவில்லை. அடுத்த திங்களில் மிலான் நகரில் உலக முதன்மை எய்தினார். 2019, 2021 ஆகிய ஆண்டுகளிலும் அதனைப் பெற்றார். 2022-ஆம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில், நான்கு ஆண்டுகளுக்கு முன் தம்மை வீழ்த்திய அதே குறுநிகழ்ச்சியில், 113.97 மதிப்பெண் பெற்று உலகிற் புதிய உச்சம் கண்டார். 332.60 என்னும் கூட்டுத்தொகையோடு பொன் அவர்க்கு ஆயிற்று. 2018-ஆம் ஆண்டின் அந்த இரண்டாம் நாளை, பதக்கம் தராத வீண்நாள் என எவரேனும் கூறத் துணிவரோ?

மேற்கூறிய ஹான்யுவும் வீழ்ச்சி அறியாதவரல்லர். 2011-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 11-ஆம் நாள் ஜப்பானைக் குலுக்கிய பெருநிலநடுக்கத்தின்போது, தம் ஊராகிய ஸென்டாயில் பனித்தளத்திற் பயின்றுகொண்டிருந்தார்; சறுக்குக் காலணியோடே வெளியே ஓடி உயிர் தப்பினார். தளம் மூடப்பட்டமையால் வேறு ஊர்களுக்குச் சென்று பயில நேர்ந்தது. 2014-ஆம் ஆண்டில் ஒலிம்பிக் பொன் பெற்றார். 2017-ஆம் ஆண்டு நவம்பரிற் பயிற்சியின்போது வீழ்ந்து வலக் கணுக்காலில் தசைநார் ஊறுபட்டது. அதன்பின் பியாங்சாங் விழா வரையில் ஒரு போட்டியிலும் அவர் ஆடவில்லை. மூன்று திங்கள் கழித்து நேரே அவ்விழாவிற்கு வந்து பொன் பெற்றார். ஆடவருள் ஒலிம்பிக் பொன்னை அடுத்தடுத்து இருமுறை வென்றவர், 1948, 1952 ஆகிய ஆண்டுகளில் வென்ற அமெரிக்கர் டிக் பட்டனுக்குப் பின், அவர் ஒருவரே.

ஒருவர் காலத்திலேயே முடிவு பெறாத எழுச்சியும் உண்டு. 1980-ஆம் ஆண்டு ஜெர்மனியின் டார்ட்மண்ட் நகரில் நடந்த உலகப் போட்டிக்குச் சீன நாட்டினின்று யாவ் பின், லுவான் போ என்னும் இணையர் வந்தனர். அவர்தம் நாட்டில் இணையர் ஆட்டத்தைக் கற்பிக்க வல்லோர் அந்நாளில் இல்லை. பிறர் ஆடிய படங்களைப் பார்த்துத் தாமே பயின்றவர் அவர். ஆட்டத்தைக் கண்டோர் நகைத்தனர் என்பர். அவ்விணையர்க்குக் கிடைத்தது கடைசி இடம். யாவ் பின் பின்னர் ஆசிரியராகி, இளைஞர் பலரைப் பயிற்றினார். அவர்தம் மாணாக்கராகிய ஷென் ஸுவே, ஜாவ் ஹொங்போ என்னும் இணையர் 2002, 2006 ஆகிய ஒலிம்பிக் விழாக்களில் வெண்கலம் பெற்றனர். இவற்றுள் பிந்தியது, ஜாவ் குதிகால் நரம்பு அறுபட்டுச் சில திங்களே கழிந்திருந்த காலத்திற் பெற்றது. பின்னர் இருவரும் மணம் புரிந்து போட்டிகளினின்று விலகியிருந்து, மீண்டும் வந்து, 2010-ஆம் ஆண்டு கனடா நாட்டு வான்கூவர் விழாவிற் பொன் வென்றனர். இணையர் போட்டியில் 1964-ஆம் ஆண்டு முதல் தொடர்ந்து பன்னிரண்டு விழாக்களில் சோவியத் நாட்டாரும் அவர் வழிவந்த ருஷியரும் பொன் பெற்று வந்தனர். அத்தொடர் அன்று அறுந்தது. வெள்ளி பெற்ற பாங் சிங், டொங் ஜியான் என்போரும் யாவ் பின்னின் மாணாக்கரே. அவர் நான்காம் இடத்திலிருந்து எழுந்து, நெடுநிகழ்ச்சியில் முதன்மை பெற்று, வெள்ளியை எய்தியவர். முப்பது ஆண்டுகளுக்குமுன் நகைப்புக்கு இடமான ஒருவர், தாம் ஒலிம்பிக் பதக்கம் ஒன்றும் பெறாதே, பொன்னும் வெள்ளியும் தம் மாணாக்கர் கழுத்தில் விளங்கக் கண்டார். ஆசிரியர் பெருமக்கள் இதன் சுவையை நம்மினும் நன்கு அறிவர்.

மேற்கூறிய வரலாறுகளால் நாம் அறியத்தக்கது யாது? வெற்றி என்பது பலர் செயலும், விதியமைப்பும், நடுவர் தீர்ப்பும், சில வேளைகளில் அரை மதிப்பெண்ணுக்கும் குறைந்ததோர் அளவும் கூடி விளைவது. அதனை ஒருவர் தம்முடையதே என்று முழுவதும் உரிமை கொள்ளவும் இயலாது. கிட்டாதபோது தம் குறையே என்று முழுவதும் நோதலும் பொருந்தாது. வீழ்ந்த மறுநாள் மீண்டும் காலணி பூண்டு தளத்தில் இறங்குதலோ பிறர் எவர் துணையும் வேண்டாதது. இடோ இரண்டாம் முறை தாவியதும், அஸாடா பதக்கம் இல்லையென்று அறிந்தே ஆடியதும், சென் பதினேழாம் இடத்தினின்று எழுந்ததும் அவரவர் கையில் இருந்தன.

நம் தேர்வுப் பட்டியல்களும் இவ்விளையாட்டின் பட்டியலைப் போன்றனவே. வகுப்பில் ஒருவர் பெறும் இடம் அவர் எழுதியதை மட்டும் சார்ந்ததன்று. உடன் எழுதினோரையும், கேட்கப்பட்ட வினாக்களையும், திருத்தியோர் கருத்தையும் சார்ந்தது. பட்டியலில் தம் பெயரைக் கீழே கண்ட நண்பர் எவரேனும் இதனைப் படிப்பாராயின், அவர்க்கு நாம் கூறக்கூடியது ஒன்று உண்டு. இடைவெளி எவ்வளவு என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். அஃது ஒரே நாளிற் கடக்கக்கூடியதாயின் மகிழ்ச்சி. கடக்கவொண்ணாததாயினும் இரண்டாம் நாள் ஆட்டத்தை ஆடாது விடுதல் கூடாது. அந்த ஆட்டம் எப்போட்டிக்குப் பயிற்சியாக அமையும் என்பதை ஆடுகின்ற பொழுதில் எவரும் அறியார், சென்னும் அறிந்திலர்.